கேட்டுட்டுப் போடற ஊசி

டீ குடிக்க வந்தா குடிச்சமா, காச வெச்சமா, கெளம்பனமான்னு இருக்கணும். அந்தம்மாவுக்கு அது வராது. கிளாஸ கையில வாங்கனதும் ஒரு கேள்வி வந்துடும். "அண்ணே, இந்தப் பால் எப்பக் காச்சனது?" காலையிலதான் சிஸ்டர்ம்பன். "காலையிலன்னா எப்ப? ஆறு மணி பஸ்ஸுக்கு முன்னாடியா, பின்னாடியா?" எனக்குப் பத்திக்கினு வரும். "ஒரு டீக்குப் போலீஸ் விசாரணையா சிஸ்டர்?"னு கத்துவன். சிரிக்காது, கோச்சிக்கவும் கோச்சிக்காது. பதில் வர்ற வரைக்கும் கிளாஸ வாய்ல வெக்காம நிக்கும்.

என் கடை பாகூர் கொம்யூன்ல ஒரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு நேர் எதுத்தாப்ல இருக்குது. எந்த ஊருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டன். அந்தம்மா அங்க எமர்ஜென்சியில நர்ஸா இருந்துச்சி. வில்லியனூர் பக்கத்துலர்ந்து ரெண்டு பஸ் மாறி வரும். ஒல்லியான ஒடம்பு, கழுத்துல சின்னதா ஒரு சிலுவ, பெரிய டிபன் டப்பா. இப்ப ரிட்டயர் ஆயி வூட்டோட இருக்குதாம். பேரு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்ல மாட்டன். அந்தப் பேர வாயால சொல்ற யோக்கியத எனக்கு இல்ல, ஏன்னு கேட்டுக்கினே வாங்க, தெரிஞ்சிடும்.

ஊர்ல அதுக்குக் 'கேள்வி சிஸ்டர்'னு பேரு. வவுத்து வலின்னு போனாக்கூட முந்தாநாள் சாப்ட்ட கொழம்பு வரைக்கும் கேக்கும். "ஊசி போட வந்தமா, பொண்ணு பாக்க வந்தமா"ன்னு கெழவனுங்க கிண்டல் பண்ணுவானுங்க. ஆனா நெஞ்சு வலின்னு ஒருத்தன் உள்ள வந்துட்டா அந்தம்மா வேற ஆளு. ஒரு கையி ஈசிஜி ஒயர ஒட்டிக்கினே இருக்கும், வாய் கேட்டுக்கினே இருக்கும்.

எங்க ஊர் ஆளுங்களுக்குக் கடிகாரத்த பாத்து வலி வராது. "எப்ப ஆரம்பிச்சிச்சி?"ன்னா "அப்பவே"ம்பான். பனித்திட்டுலர்ந்து ஒரு மீன்காரர ஆட்டோவுல தூக்கியாந்தாங்க ஒரு நாளு. நான் ஸ்ட்ரெச்சருக்கு ஒரு கை புடிச்சிக்கினு உள்ள போனன். டீக்கடக்காரன்னா ஆஸ்பத்திரிக்குப் பாதி வேலக்காரன் மாதிரிதான். அந்தம்மா கேட்டுச்சி, "வல வுடும்போதா வலிச்சிச்சி, வாங்கும்போதா?" வாங்கும்போதுன்னாரு. "அப்ப பக்கத்துல இருந்தவன் மொகம் தெரிஞ்சிச்சா, டார்ச் அடிச்சீங்களா?" மொகம் தெரிஞ்சிச்சின்னாரு. வெரல மடக்கி எண்ணிப் பாத்துட்டு டாக்டர்கிட்ட, "அஞ்சரைக்கு ஆரம்பிச்சிருக்குது சார். இன்னும் மூணு மணி நேரம் ஆவல"ன்னுச்சி. டாக்டரு சின்னப் பையன். அந்தக் கணக்க அப்படியே எழுதிக்கினாரு.

அதுக்கப்பறந்தான் அந்த ஊசி. மீன்காரரு ஒரு வாரம் கழிச்சி நடந்து வந்தாரு, கையில ஒரு கூடை சங்கரா மீனு. அந்தம்மா வாங்கல. "இதெல்லாம் கூடாதுங்க"ன்னு திருப்பி அனுப்புச்சி. அந்தக் கூடை என் கடைக்கு வந்துச்சி, நான் ஒன்னும் வாணாம்னு சொல்லல.

அந்த ஊசியப் பத்தி நான் தெரிஞ்சிக்கினதெல்லாம் என் கடை பெஞ்சுல உக்காந்து அந்தம்மா சொன்னதுதான். ஹார்ட் அட்டாக்குன்னா நெஞ்சுக்குப் போற ரத்தக் கொழாயில ரத்தம் கட்டி அடச்சிக்கறது. பெரிய ஆஸ்பத்திரின்னா கம்பிய வுட்டு அடைப்ப எடுப்பான். எங்க எடத்துலர்ந்து பாண்டி போயி சேர்றதுக்குள்ள சதை செத்துப் போவும். அதனால இங்கயே கட்டிய கரைக்கிற ஊசிய போட்டு, அப்பறம் ஆம்புலன்ஸ்ல அனுப்பறது. வலி ஆரம்பிச்ச மூணு மணி நேரத்துக்குள்ள போட்டா நல்லா கேக்கும். போவப்போவ பலன் கொறையும். அரை நாள் தாண்டிட்டா பெருசா பிரயோசனம் இல்ல.

"அப்ப வந்தவொடனே எல்லாருக்கும் போட்டுட வேண்டியதான சிஸ்டர், எதுக்கு நிக்க வெச்சி கேள்வி?"ன்னு கேட்டன்.

"அண்ணே, அந்த மருந்துக்குக் கண்ணு கெடையாது. கெட்ட கட்டி எது, நல்ல கட்டி எதுன்னு அதுக்குத் தெரியாது. உங்க வண்டி டியூப்ல பஞ்சர் ஒட்டியிருக்கறீங்க இல்ல, அந்த மாதிரி ஒடம்பு உள்ள எங்கனா ஒட்டு போட்டு வெச்சிருக்கும். இது போயி அந்த ஒட்டயும் சேத்து பிச்சிடும். வவுத்துல புண்ணு இருந்தா வவுத்துல ரத்தம் கொட்டும். தலையில அடி பட்டிருந்தா தலைக்குள்ள கொட்டும். போட்டப்பறம் திருப்பி எடுக்க முடியாது."

அதுக்குத்தான் அவ்ளோ கேள்வி. பக்கவாதம் வந்துச்சா, ஆபரேசன் ஆச்சா, வெளிக்கு கருப்பா போச்சா, பிரசர் மாத்திர போடறியா நிறுத்திட்டியா, சமீபத்துல எங்கனா வுழுந்தியா. வர்ற வழியில யாருகிட்டயாவது இடுப்புல ஊசி போட்டுக்கினியான்னு தவறாம கேக்கும். எங்க பக்கம் நெஞ்சு வலின்னா மொதல்ல 'கேஸு'ன்னு சொல்லி ஒரு ஊசி போட்டுக்கினுதான் ஆஸ்பத்திரிக்கே வருவானுங்க. அந்தக் குத்துன எடத்துல கூட ரத்தம் கட்டிக்கினு தொடை வீங்கிடுமாம். ஒருத்தன், "எனக்கு போன தடவ ஒரு மணி நேரம் பாட்டில்ல ஏத்துனாங்களே, அந்த மருந்தே போடுங்க"ன்னு அடம் புடிச்சான். "அத ஒரு தரம் போட்டா ஒடம்பு அடையாளம் வெச்சிக்கும்பா. மறுபடி போட்டா எதுத்து நிக்கும், கேக்காது. இது வேற மருந்து"ன்னு அவனுக்குப் பொறுமையா சொல்லிக்கினு இருந்துச்சி. எடைக்குத் தக்கன அளவு. "எடை எவ்ளோ?"ன்னா யாருக்குத் தெரியும்? "எப்ப கடைசியா பாத்த, எங்க பாத்த?"ன்னு கேட்டுக்கினே அந்தாளு ஒடம்ப ஒரு பார்வ பாக்கும்.

ஒரு தரம் அது மருந்து கலக்கறத பாத்திருக்கறன். சின்ன பாட்டில்ல வெள்ளப் பொடி. தண்ணிய உள்ள வுட்டுட்டு குலுக்காது, உள்ளங்கையில வெச்சி மெதுவா சுத்தும். குலுக்கனா நொரச்சிக்கும்னு சொல்லுச்சி. அப்பறம் ஒரே ஊசி, கையில ஏற்கெனவே சொருவி வெச்ச குழாயில வெச்சி அஞ்சு எண்ணறதுக்குள்ள உள்ள. அந்த நேரம் அந்தம்மா மூச்சு வுடாது. நான் பாத்திருக்கறன்.

இப்ப எங்க ஏழுமலைய பத்தி சொல்லணும். சொல்லத்தான் இவ்ளோ நேரம் சுத்திக்கினு இருக்கறன்.

ஏழுமல என் தம்பி. எனக்கு ஏழு வயசு சின்னவன். என் கடையிலதான் வட போடுவான். அவன் போடற மசால் வடைக்காகவே நர்சுங்க, டாக்டருங்க வருவாங்க. பீடி வுடவே மாட்டான். பொண்டாட்டி, ரெண்டு பொட்டப் புள்ளைங்க. அந்தம்மாவுக்கு அவன் மேல பிரியம். "ஏழுமல, எண்ண எத்தன தரம் காஞ்சது?"ன்னு கேக்கும். "இப்பதான் கடையிலர்ந்து பொறந்துச்சி சிஸ்டர்"ம்பான். என்னயாட்டம் எரிஞ்சி வுழ மாட்டான்.

அந்த வருசம் எங்க ஊர் திரௌபதியம்மன் கோயில் தீமிதிக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேருமே காப்பு கட்டுனோம். காப்பு கட்டிட்டா அவுக்கற வரைக்கும் கவிச்சி கூடாது, பொண்டாட்டி பக்கம் போவக் கூடாது, சாராய வாசனையே ஆவாது. மீறினவன் தெரிஞ்சா ஊரு கூடி காப்ப அறுத்துடுவாங்க. குண்டத்துல எறங்க வுட மாட்டாங்க. அதுக்கப்பறம் அந்த வருசம் ஊர்ல மழ தப்பனாலும், மாடு செத்தாலும் அவன் பேருதான் அடிபடும். அவன் பொண்ணுக்கு மாப்ள வரும்போது கூட பேசுவானுங்க.

அப்பேர்ப்பட்ட காப்ப கையில கட்டிக்கினு, கடைக்கு மளிக சாமான் வாங்க சோரியாங்குப்பம் பக்கம் போனவங்க, சாராயக்கடைய பாத்ததும் வண்டிய நிறுத்துனன். நான்தான் நிறுத்துனன். அவன் "வாணாம்ணா"ன்னான். "யாருடா பாக்கப் போறான், ரெண்டு டம்ளர்டா"ன்னு நான்தான் இஸ்துக்கினு போனன். திரும்பி வரும்போது மதகுகிட்ட வண்டி வழுக்கிச்சி. எனக்கு முழங்கை தேச்சிக்கிச்சி, அவ்ளோதான். பின்னாடி ஒக்காந்திருந்தவன் மல்லாக்க வுழுந்து பின்மண்ட மதகுக் கட்டையில 'டொக்'குன்னு. கொஞ்ச நேரம் அசையல. மொகத்துல வாய்க்கா தண்ணிய அடிச்சன். முழிச்சிப் பாத்து, "இன்னாண்ணா, ஊரு வந்துடுச்சா?"ன்னு கேட்டான். ரெண்டு பேரும் சிரிச்சோம். ரத்தம் இல்ல. எலுமிச்சம்பழம் தண்டிக்கு வீங்கியிருந்துச்சி. மஞ்ச துண்ட தலப்பாவா கட்டி வுட்டன். "ஒருத்தர்கிட்டயும் மூச்சு வுடாத. உன் பொண்டாட்டிகிட்டயும் கூட"ன்னு சத்தியம் வாங்குனன். நாலு நாளும் தலவலி மாத்திர வாங்கிப் போட்டுக்கினு வேல செஞ்சான்.

அஞ்சாம் நாளு காலையில பத்து மணி இருக்கும். வாணலியில வட வேவுது. அவன் கரண்டிய வெச்சிட்டு நெஞ்ச புடிச்சிக்கினு கீழ ஒக்காந்தான். மொகமெல்லாம் வேர்வ. "அண்ணா, எரும மாடு ஏறி நிக்கறாப்ல இருக்குது"ன்னான். எதுத்தாப்லதான ஆஸ்பத்திரி, தூக்கிக்கினு ஓடனோம்.

காப்பு கட்டுனவன் வுழுந்துட்டான்னா ஊரு சும்மா இருக்குமா? மஞ்ச வேட்டிங்க பத்து பதினஞ்சு பேரு, தருமகர்த்தா, அவன் பொண்டாட்டி தலையில அடிச்சிக்கினு, எல்லாம் உள்ள பூந்துட்டாங்க. ஈசிஜிய போன்ல பெரிய டாக்டருக்கு அனுப்புனாங்க. ஊசி போடச் சொல்லிட்டாரு. இங்க இருந்த சின்ன டாக்டர் அந்தம்மாவ பாத்தாரு. அந்தம்மா ஏழுமலகிட்ட குனிஞ்சி ஆரம்பிச்சிச்சி. வவுத்துப் புண்ணு இல்ல. பக்கவாதம் இல்ல. ஆபரேசன் இல்ல. இடுப்பு ஊசி இல்ல.

"குடிப்பியாப்பா? சமீபத்துல குடிச்சியா?"

தருமகர்த்தா குதிச்சாரு. "இன்னா சிஸ்டர், காப்பு கட்டுன புள்ளகிட்ட கேக்கற கேள்வியா இது?" பின்னாடி நாலு பேரு ஆமாஞ்சாமி போட்டான்.

"நான் தப்பு கண்டுபுடிக்கறதுக்குக் கேக்கலங்க. மருந்துக்குத் தெரியணும்." அவங்கள திரும்பிக்கூட பாக்கல. "ஏழுமல, எங்கனா வுழுந்தியா? வண்டியிலர்ந்து, படியிலர்ந்து? தலையில அடி கிடி பட்டுச்சா?"

அவன் என்னப் பாத்தான்.

அந்த வலியிலயும் என்னப் பாத்தான். சொல்லட்டுமான்னு கேக்கற பார்வ. சின்ன வயசுல மாங்கா அடிச்சிட்டு மாட்டிக்கினப்ப பாப்பானே, அதே பார்வ. சுத்தி ஊரு நிக்குது. தருமகர்த்தா நிக்கறாரு. எங்கையில காப்பு. நான் தலைய ஆட்டுனன், இல்லன்னு. போதாதுன்னு வாயாலயும் சொன்னன். "அதெல்லாம் ஒன்னுமில்ல சிஸ்டர், சீக்கரம் போடுங்க."

"அண்ணே, நான் அவனக் கேக்கறன்." மறுபடி அவன் பக்கம் குனிஞ்சிச்சி. "நல்லா யோசிச்சி சொல்லு சாமி."

"இல்ல சிஸ்டர்"னான்.

மருந்துப் பொட்டிய ஒடச்சிச்சி. பொடிய கலக்குச்சி. உள்ளங்கையில வெச்சி சுத்துச்சி. போட்டுச்சி.

பாருங்க, வலி நின்னுடுச்சி. அதான் என்னால தாங்க முடியாதது. இருவது நிமிசத்துல மொகத்துல களை திரும்பிடுச்சி. ஈசிஜியில கோடு எறங்கிச்சின்னு டாக்டர் சந்தோசமா காட்டனாரு. ஏழுமல, "அண்ணா, வட தீஞ்சிருக்கும் பாரு"ன்னான். அந்தம்மா அவன் தோள்ல ஒரு தட்டு தட்டுச்சி. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சி, அம்மனே மன்னிச்சிட்டான்னு நெனச்சன். நெஜமாவே அப்படித்தான் நெனச்சன், படுபாவி.

ஆம்புலன்ஸ் வந்து நிக்குது, அவன் தலைய புடிச்சான். "தல பொளக்குதுண்ணா." வாந்தி எடுத்தான். வாய் ஒரு பக்கமா இஸ்துக்கிச்சி. அந்தம்மா ஓடி வந்து, ரத்தம் மறுபடி கட்டாம இருக்க கையில ஏறிக்கினு இருந்த இன்னொரு மருந்த நிறுத்துச்சி, கண்ணுல வெளிச்சம் அடிச்சிப் பாத்துச்சி. ஆம்புலன்ஸ்ல தானே கூட ஏறுச்சி. பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில தலைய ஸ்கேன் பண்ணாங்க. உள்ள முழுக்க ரத்தம்னாங்க. மறுநா மத்தியானம் செத்துப் போயிட்டான். காப்ப அவன் பொணத்துலர்ந்து அவுத்தாங்க. என் காப்பு சாவுத் தீட்டுன்னு அவுந்துச்சி. ஊர்ல ஒருத்தனுக்கும் ஒன்னும் தெரியாமயே போச்சி.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சி கடைய தெறந்தப்ப மொத ஆளா அந்தம்மா வந்துச்சி. டீ கேக்கல. வடச் சட்டி கவுந்து கெடந்த எடத்தையே பாத்துக்கினு நின்னுச்சி.

"அண்ணே, நான் எதயாச்சும் கேக்காம வுட்டுட்டனா?"

அப்ப சொல்லியிருக்கணும். கடையில வேற ஆளே இல்ல. தருமகர்த்தா இல்ல, ஊரு இல்ல. தம்பியே இல்ல. இனிமே யாருக்குப் பயப்படணும்? ஆனா அதுக்குள்ள அது வேற பயமா மாறியிருந்துச்சி. நான் கொன்னன்னு ஆயிடுமே. "நீங்க இன்னா சிஸ்டர் பண்ணுவீங்க, அவன் விதி"ன்னன். மொத பொய் ஊருக்குப் பயந்து சொன்னது. இதுக்கு அந்தச் சாக்கும் இல்ல.

பெரிய டாக்டருங்க விசாரிச்சி, எல்லாம் சரியா இருந்தாலும் ஒன்னு ரெண்டு பேருக்கு இப்படி ஆவும், உங்க தப்பு இல்லன்னு சொன்னாங்களாம். யாரு சொல்லி இன்னா? அந்தம்மா கேக்கறது இன்னும் அதிகமாச்சி. கேட்டதயே கேக்கும். பேப்பர்ல எழுதி வெச்சிக்கினு கேக்கும். பொண்டாட்டிய கேக்கும், புள்ளைய கேக்கும், திரும்பி வந்து ஆளயே கேக்கும். கரும்பு வெட்டற பொம்பள ஒருத்திய தூக்கியாந்தாங்க. மருந்த கலக்கி கையில வெச்சிக்கினு, "வேற எதுனா இருக்கா, வேற எதுனா இருக்கா"ன்னு அந்தம்மா நிக்குதாம். வெரலு நடுங்குதாம். நேரம் போவுது. கடைசியில டாக்டரே வாங்கிப் போட்டாரு. அந்தப் பொம்பள பொழச்சிச்சி, ஆனா நெஞ்சுல பாதி சதை போயிடுச்சி. இன்னிக்கும் ஒரு கொடம் தண்ணி தூக்க முடியல, மூச்சு வாங்குது.

அதுக்கப்பறம் அந்தம்மா எழுதிக் குடுத்துட்டு, கொழந்தைங்களுக்குத் தடுப்பூசி போடற ரூமுக்குப் போயிடுச்சி. எமர்ஜென்சி பக்கமே வராது. டீ குடிக்க வரும். பால் எப்பக் காச்சனதுன்னு கேக்கறத வுட்டுடுச்சி. குடுத்தத குடிக்கும். எனக்கு அது அந்தக் கேள்விங்கள விட மோசமா இருந்துச்சி. "கேளுங்களேன் சிஸ்டர்"னு கூட ஒரு நாளு சொல்லிட்டன். இன்னா கேக்கறதுன்னு பாத்துச்சி, போயிடுச்சி.

இப்படியே ஒன்னர வருசம். ஒரு நாளு மத்தியானம் மூணு மணி வெயிலு. கடையில நானும் அந்தம்மாவுந்தான். டப்பாவ மூடிக்கினே, "வேலைய வுட்டுடலாம்னு எழுதிக் குடுக்கப் போறண்ணே"ன்னுச்சி.

"இன்னும் நாலு வருசம் சர்வீஸ் இருக்குதே சிஸ்டர்?"

"இருக்குது. இன்னாத்துக்கு? எமர்ஜென்சியில புதுப் பொண்ணுங்க. அவங்களுக்குச் சொல்லித் தர்றதுக்குக் கூட என்னால முடியல. அந்தப் பொட்டிய பாத்தாலே கை ஆடுது." ரோட்ட பாத்துக்கினே சொல்லுச்சி. "அவன் ரெண்டு பொண்ணயும் ஸ்கூல் பஸ்ல பாக்கறன் தெனம். நான் இன்னா கேக்காம வுட்டன்னு இன்னும் தெரியலண்ணே. தெரிஞ்சாலாவது பரவால்ல."

எனக்குள்ள என்னமோ அறுந்துச்சி. எங்க ஆரம்பிச்சன், எப்படி சொன்னன்னு ஞாபகம் இல்ல. சாராயக்கட, மதகு, மஞ்ச துண்டு, அவன் என்னப் பாத்தது, நான் தலைய ஆட்டுனது. சொல்லி முடிக்கும்போது நான் அடுப்பு மேடைய புடிச்சிக்கினு அழுதுக்கினு இருந்தன். நாப்பத்தெட்டு, அம்பது வயசு ஆளு, எங்கப்பன் செத்தப்ப கூட அப்படி அழல.

அந்தம்மா அழல. மொகம் சுண்ணாம்பா வெளுத்துடுச்சி. டப்பாவ பெஞ்சுல வெச்சிட்டு கேட்டுச்சி.

"நான் சரியாதான் கேட்டன் இல்ல?"

"ஆமா சிஸ்டர்."

"அவன் சொல்ல வந்தான்."

"ஆமா."

"அவன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போயி சொல்லுங்க. டாக்டர்கிட்ட வந்து சொல்லுங்க. எழுதிக் குடுங்க." எழுந்துச்சி. நடந்துச்சி. ஆஸ்பத்திரி கேட்டுகிட்ட போயி நின்னு கதவ புடிச்சிக்கினு குனிஞ்சி நின்னுச்சி. ஓடிப் போயி புடிக்கலாம்னு எழுந்தன், புடிக்க எனக்கு இன்னா ரைட் இருக்குதுன்னு ஒக்காந்துட்டன். பஸ்ஸு வந்துச்சி, ஏறிப் போயிடுச்சி.

மறுநா போயி டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்தன். தம்பி பொண்டாட்டிகிட்ட சொன்னன். அவ அன்னிக்கே ரெண்டு புள்ளைங்களயும் கூட்டிக்கினு ஏம்பலத்துல அம்மா வூட்டுக்குப் போயிட்டா. தருமகர்த்தாவுக்கும் சொன்னன். ஊரு இன்னா பண்ணுமோன்னு பயந்து தம்பிய சாவ வுட்டன் இல்ல, கடைசியில ஊரு ஒன்னுமே பண்ணல. அபராதம் கட்டச் சொல்லிட்டு அடுத்த வேலைய பாக்கப் போயிட்டாங்க. அவ்ளோதான் அது.

அந்தம்மா ராஜினாமா குடுக்கலன்னு ஆயாம்மா ஒருத்தி சொன்னா. கடைக்கு வர்றது மட்டும் நின்னுச்சி. பஸ் எறங்கி நேரா ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள போவும். நான் தெனம் அந்த நேரத்துக்குப் பால புதுசா வெப்பன். வராதுன்னு தெரிஞ்சே வெப்பன்.

ரெண்டு மாசம் ஆயிருக்கும். கரும்பு லோடு ஏத்தற ஆளு ஒருத்தன் என் கடையிலயே நெஞ்ச புடிச்சிக்கினு சாஞ்சிட்டான். கூட லாரிக்காரனுங்க, மேஸ்திரி, ஏழெட்டு பேரு. தூக்கிக்கினு போனோம், கால நான் புடிச்சிருந்தன். எமர்ஜென்சி கதவ தள்ளுனா உள்ள அந்தம்மா நிக்குது. தடுப்பூசி ரூம்ல இல்ல, இங்க. ஈசிஜி எடுத்தாச்சி. டாக்டர் தலைய ஆட்டுனாரு. அந்தம்மா பொட்டிய கையில எடுத்துச்சி. நான் வெரலத்தான் பாத்தன். ஆடல.

"எல்லாரும் வெளிய போங்க"ன்னுச்சி.

முன்னெல்லாம் அப்படி சொல்லாது. கூட்டம் நின்னா நிக்கட்டும்னு அது பாட்டுக்குக் கேக்கும். மேஸ்திரி முறைச்சிக்கினு, "நான் அவனுக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி சிஸ்டர், நான் இருக்கறன்"ன்னான்.

"கூடப்பொறந்தவனா இருந்தாலும் வெளிய. நான் அவன்கிட்ட தனியா பேசணும்."

ஒவ்வொருத்தனா மொணவிக்கினே போனானுங்க. நான் ஸ்ட்ரெச்சர் பக்கத்துலயே நின்னன். எப்பவும் நிக்கற எடம், கால் நவுரல. அந்தம்மா அவன் மொகத்துகிட்ட குனிஞ்சது நிமுந்து என்னப் பாத்துச்சி. கோவம் இல்ல. கோவம் இருந்திருந்தா நான் தாங்கியிருப்பன்.

"நீங்களும் போங்க"ன்னுச்சி. அண்ணேன்னு சொல்லல.

அதுக்கப்பறம் ரிட்டயர் ஆவற வரைக்கும் கிட்டத்தட்ட நாலு வருசம் அந்த ஆஸ்பத்திரியில இருந்துச்சி. அந்த வார்த்ததான் எங்கிட்ட பேசுன கடைசி வார்த்த. நான் வெளிய வந்தன். கதவு பாதி தெறந்து கெடந்துச்சி. உள்ளருந்து அந்தம்மா கொரலு, மெதுவா, "பயப்படாத, இங்க வேற யாரும் இல்ல"ன்னு சொல்றது கேட்டுச்சி. கதவ நானே சாத்திட்டு வந்தன்.